கால் போனவருக்குக் கப்பல்

1942-43இல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கெடா தோட்டங்களிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். புண் அழுகிக் கால் இழந்து பீடோங் பக்கம் திரும்பிய தாத்தா இழப்பீடு கேட்டால் என்ன ஆதாரம் காட்டுவார்? நியமனக் கடிதமா, டாக்டர் சீட்டா? காட்டில் யார் எழுதிக் கொடுத்தார்கள்!

அந்தச் சிரமமே வேண்டாமென்று, 1967இல் ஜப்பான், மலேசியா இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, 2.5 கோடி வெள்ளிக்கு இரண்டு சரக்குக் கப்பலோடு கணக்கை முடித்துக்கொண்டன. அப்புறம் யார் கேட்டாலும், "அதான் கொடுத்தாச்சே!" கப்பலை எந்த லயத்து வாசலில் கட்டினார்களோ, தெரியவில்லை.

ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு, அவர்கள் அரசாங்கமே 2000இல் ஆளுக்கு 10,000 பவுண்ட் கொடுப்பதாக அறிவித்தது. பால்மரம் வெட்டிய நம் ஆளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.