வெற்றுக்கட்டவியல்: ஒரு முன்னாய்வு

இணைய விண்ணப்பங்களில் நிரப்பப்பட்ட கட்டங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு நிரப்பப்படாத கட்டங்களுக்குக் கிடைப்பதில்லை. அவற்றில் வாசிப்பதற்கு ஒன்றும் இல்லாமையே அதற்குக் காரணம் எனலாம். இக்குறையைப் போக்க முற்படும் இவ்வாய்வு, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தையும் அதையொத்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களையும் களமாகக் கொள்கிறது. ஏனெனில், வெறுமையின் வகைகளை, அங்கே தொழிலாளரின் பேரை நாள்தோறும் பதியும் ஏடாகிய செக்ரோலைப் போல் தெளிவாகக் காட்டும் ஆவணம் பிறிதொன்று இல்லை.

மலைக்கு வந்து பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைநாள் சம்பளமாகிய அரைப்பேர், வந்தும் ஒன்றும் பறிக்காதவருக்குப் பூச்சியம், வராதவருக்கு வெற்றிடம், தோட்டமே வேலை கொடுக்காத நாளிலும் வெற்றிடம். இறுதி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தின்படி, வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்கே நாளொன்றுக்கு 60 ரூபா வருகைப்படி உரியதாக இருந்தமையால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கைப் பாதித்தது. பட்டம் பெற்ற நிரலாளரும் தடுமாறும் இவ்வேறுபாட்டைச் செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளைமார் பென்சில் முனையில் வைத்திருந்தனர். அதை எப்போதும் நேர்மையாகப் பயன்படுத்தினரா என்பது தனி ஆய்வுக்குரியது.

நிரல்மொழிகளில் 'நல்' எனப்படும் வெற்றுமதிப்பை 1965 இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோர், 2009 இல் அதைத் தமது நூறு கோடி டொலர் தவறு என்றார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ ஒரு வெறுமை போதாதென்று, வேண்டுமென்றே வெறுமையாக வைத்தது, மதிப்பே தரப்படாதது என இரண்டை வைத்துள்ளது. அம்மொழியில் 'அல்லது' என்னும் செயற்குறியைக் கொண்டு மாற்று மதிப்பு இடும் பழைய வழக்கம் பூச்சியத்தையும் இன்மையாகக் கருதுவதால், கடன் பாக்கி பூச்சியம் என்று பதிந்தவரும் பாக்கியைச் சொல்லாதவராகிவிடுவார். வெற்றுமதிப்புக்கு மட்டுமே மாற்று இடும் இரட்டைக் கேள்விக்குறி 2020 இல்தான் அம்மொழியின் தரநிலையில் இடம்பெற்றது. தரவுத்தள மொழியாகிய எஸ்.கியூ.எல்-இல், இரு வெறுமைகள் சமமா என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் கூறாமல் 'தெரியாது' என்றே விடை வரும். அவ்வளவு அடக்கம் விண்ணப்பம் வடிவமைப்போரிடம் காணப்படுவதில்லை.

விண்ணப்ப வடிவமைப்போர் வீட்டு இலக்கம், வீதி, குடும்பப் பெயர் மூன்றையும் கட்டாயமாக்கி, விடுபட்டால் சிவப்பு எழுத்தில் கண்டிக்கின்றனர். தோட்டம், டிவிசன், வரிசைக் குடியிருப்பாகிய லயம் என்பவற்றையே முகவரியாகக் கொண்டு, கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் பெறுபவரும், தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு குடும்பப் பெயர் அறியாதவரும் என்ன செய்வர்? ஒரு புள்ளியையோ, சிறு கோட்டையோ, 'இல்லை' என்ற சொல்லையோ இட்டுத் தப்புவர். அதன் பயனாக, புள்ளியை மூதாதையாகக் கொண்ட பெருங்குலமொன்று 'இல்லை' என்னும் வீதியில் வசிப்பதாகத் தரவுத்தளம் உறுதியாக நம்பும். வெற்றிடத்தை ஏற்க மறுக்கும் கட்டம் உண்மையைப் பெறுவதில்லை, பொய்யையே பெறுகிறது.

இதில் விளையாட்டுக்கு இடமில்லாத பகுதியும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனோரின் தொகை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறியது. அந்நேரத்தில் 'இன்னும் தெரியவில்லை' என்பதே நேர்மையான மதிப்பு. அதற்குரிய இடம் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

எஞ்சியிருப்பது, வெற்றுமதிப்பை முதலில் கண்டவர் யார் என்னும் முன்னுரிமைச் சிக்கலாகும். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்ற 9,75,000 இந்திய வம்சாவளி மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, மீதி 1,50,000 பேரின் நாடு என்னும் கட்டத்தைப் பின்னர் பார்க்கலாமென வெறுமையாக விட்டது. ஆகவே கொழும்பும் டெல்லியும் ஹோரை ஓராண்டு முந்தியவை. அக்கட்டம் 1974 இல் இரு நாடுகளுக்கும் தலா 75,000 எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.