முட்டை அட்டை மகாத்மியம்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் முட்டை அட்டையோடு வந்துவிட்டார். கயிறு போட்டுக் கட்டி, பைக்கின் பின்னால் வைத்து, என் மச்சான். "கடைக்காரர் சும்மாவே குடுத்தார் மாப்ள. செவுத்துல ஒட்டு. எக்கோ ஓடியே போயிடும்!"

ஸ்பீக்கர் வாங்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. துணி காய்ந்துகொண்டிருந்த பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்து, படம் போட்டு, ஒரு வசனமும் புரியாமல் நாம் முழித்த பிறகுதான் ஊரே ஒலிப்பதிவாளராகிவிடுகிறது. வருகிறவர் அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவார். தலையைச் சாய்ப்பார். "ம்ம், அடிக்குது" என்பார். அப்புறம் முட்டை அட்டைதான். மூலைகளில் என்ன வைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குமுன் இந்த அட்டையை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

ஒரு அட்டை கிட்டத்தட்ட ஒரு சதுர அடி. முப்பது முட்டை பிடிக்கும். ஒன்பது அடி உயரச் சுவருக்கு 90 அட்டை. நாலு சுவருக்கு 360. அதாவது 10,800 முட்டை. கதவு ஜன்னலைக் கழிக்கலாமே என்பீர்கள். கூரையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வீட்டில் நாலு பேர், ஆளுக்குத் தினம் ஒன்று என்றால் 2,700 நாள். ஏழு வருஷத்துக்கு மேல். சனிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி முழுக்கக் கழித்தால் பத்து வருஷத்தைத் தொடும். அதற்குள் டால்பிக்காரர்கள் வேறெதையோ கொண்டுவந்து நம் ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்கு அனுப்பியிருப்பார்கள். சீக்கிரம் முடிய வேண்டுமானால் நாமக்கல்லில் பெண் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் மாமனார் முட்டையைத்தான் கொடுப்பார், அட்டையைத் திருப்பிக் கேட்பார்.

சரி, ஒட்டியாயிற்று என்றே வையுங்கள். பத்தடி அறையில் தொல்லை பண்ணுவது 56 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள பேஸ். அந்த அலையின் நீளம் இருபது அடி. அட்டையின் ஆழம் இரண்டு அங்குலம். அட்டை அங்கே ஒட்டியிருப்பதே அந்த அலைக்குத் தெரியாது. கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்காமலிருக்கவும் உதவாது; சத்தத்தை மறிக்கச் சுவருக்கு எடை வேண்டும், காகிதக்கூழுக்கு ஏது எடை? கரப்பான்பூச்சிகள் மட்டும் மனதார வாழ்த்தும். தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். "பழைய ரெக்கார்டிங் ரூம்ல பாத்தேனே" என்றார். பார்த்தார், சரி. கேட்டாரா?

உண்மையான வைத்தியம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1895இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் சொற்பொழிவு அறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பேசி முடித்தும் சத்தம் ஐந்தரை நொடி அறைக்குள் சுற்றியது. சரிசெய்யச் சொல்லி, அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சேபினிடம் விட்டார்கள். மனிதர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, கடிகாரம் வைத்து அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்தார். அறை ஒலியியல் என்ற படிப்பே அங்கே பிறந்தது. கவனியுங்கள்: அவர் தூக்கியது மெத்தை. அமெரிக்காவில் அன்றும் கோழி இருந்தது.

ஆக, தரைக்கு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, ஸ்பீக்கர் சத்தம் பட்டுத் தெறிக்கும் பக்கச் சுவரில் நாலு அங்குல ராக்வூல் பஞ்சுப் பலகை. பேஸுக்கு மட்டும் இதெல்லாம் போதாது. அது மூலையில்தான் குவியும், மருந்தும் மூலையில்தான்: அதே ராக்வூல், இன்னும் தடிமனாக. எந்த மூலையில் என்று வீட்டில் கேட்டேன். ஒன்றில் கதவு. ஒன்றில் பீரோ, அது பேஸ் வரும்போதெல்லாம் கூடவே தாளம் போடுகிறது. மூன்றாவதில் இன்வெர்ட்டர், அதன்மேல் கொலுப்படிப் பலகைகள், அசைத்தால் விவாகரத்து.

சோபாவை அறை நடுவில் போட்டால் பேஸ் காணாமலே போகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள அறைக்கு வாங்கிவந்த சாபம் அது. எனவே நாலாவது மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேஸ் முதுகெலும்புவரை வருகிறது. வசனத்துக்கு சப்டைட்டில் இருக்கிறது.