கப்பலும் கொசுறும்

கத்தரிக்காய் வாங்கினால் மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடாத கடைக்காரரிடம் மறுமுறை போவதில்லை என்ற விரதத்தை நாற்பதாண்டுக் காலமாக அனுஷ்டித்து வருபவள் என் மனைவி. ஆகவே, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் யாத்திரைக்குப் பணம் கட்டுவதற்காக டிராவல் ஏஜெண்டின் குளிர்ந்த அறைக்குள் நுழைந்தபோது, அந்த விரதத்தையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள் என்று நான் எதிர்பார்த்தது என் பேதைமையே அன்றி வேறில்லை.

"இவ்வளவு பணம் கட்டுகிறோமே தம்பி, மேலே என்ன போடுவீர்கள்?" என்றாள். நான் மேஜைமீது இருந்த பொம்மைக் கப்பலை வெகு சிரத்தையோடு ஆராயத் தொடங்கினேன்.

அந்த இளைஞரோ, எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவர்போல் மந்தஹாசம் புரிந்தார். அதன் காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. டிக்கெட்டை ஏஜெண்டிடம் வாங்கினாலும் கப்பல் கம்பெனியிடமே நேராக வாங்கினாலும் விலை பெரும்பாலும் ஒன்றுதான்; ஏஜெண்டுக்கு உரிய கமிஷன், சாதாரணமாக நூற்றுக்கு 10 முதல் 16 வரை, அந்த விலைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. துறைமுக வரி முதலியவற்றுக்கு மட்டும் கமிஷன் கிடையாது. விலையைப் பகிரங்கமாகக் குறைத்து விற்பதைக் கம்பெனிகள் பல விரும்புவதில்லை ஆதலால், வாடிக்கையாளரை வசப்படுத்த எண்ணும் ஏஜெண்ட், தம் கமிஷனில் கொஞ்சம் கிள்ளி, அதைக் கப்பலில் செலவழிக்கும் பணமாகவோ விசேஷ விருந்தாகவோ உருமாற்றி வழங்குகிறார். கேட்டவர்களுக்குக் கிடைக்கும், கேட்கக் கூச்சப்படும் உத்தமர்களின் பங்கு அவர் பையிலேயே பத்திரமாக இருக்கும்.

எங்களுக்குக் கப்பலில் செலவழித்துக்கொள்ள 50 டாலரும், ஒரு புட்டி வைனும் சித்தித்தன. மதுவிலக்குக் காலத்துச் சென்னையில் பிறந்து வளர்ந்த நான், "வைன் நமக்கு எதற்கு?" என்று கேட்டதற்கு, "கறிவேப்பிலையை மட்டும் நீங்கள் தின்கிறீர்களா? ஒதுக்கித்தானே வைக்கிறீர்கள்! அதற்காக வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?" என்று பதில் வந்தது.

கப்பலில் அந்த 50 டாலரை நாங்கள் மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் செலவழித்தோம். காலையில் அது பேரனுக்குக் கைக்கடிகாரமாக இருந்தது. மாலையில் மருமகளுக்கு வாசனைத் தைலமாக மாறிற்று. கடைசி இரவில், கதவின் கீழே சரசரவென்று ஒரு காகிதம் நுழைந்தது. ஊழியர்களுக்கான சன்மானம், ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலர் வீதம், இருவருக்கும் சேர்த்து 128 டாலர். அதில் 50 டாலர் கழிந்தது போக, நாங்கள் செலுத்தவேண்டிய பாக்கி 78 டாலர். இந்த விவரமெல்லாம் டிக்கெட்டோடு வந்த காகிதங்களில் பொடி எழுத்தில் இருந்ததுதான். கொசுறு கிடைத்த சந்தோஷத்தில் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பக்கத்து அறையில் இருந்த திருச்சிப் பெரியவர் என் முகவாட்டத்தைக் கண்டு, காரணத்தை விசாரித்து அறிந்து, "சன்மானத்தை ஏஜெண்டே கட்டிவிடட்டும் என்றல்லவா சார் கேட்டிருக்க வேண்டும்!" என்று அனுதாபப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தித் தம் ரகசியத்தை வெளியிட்டார். பிள்ளை, மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியின் சகலை என்று 16 பேரைத் திரட்டி ஒரே குழுவாகப் பதிவு செய்தாராம். அத்தனை பேர் சேர்ந்தால் ஒருவருடைய கட்டணத்தை விட்டுக்கொடுப்பது கம்பெனிகள் பலவற்றின் வழக்கம். தமக்கென்று துறைமுக வரியை மட்டும் கட்டிவிட்டு, சுற்றத்தாரைச் சமுத்திரம் காட்ட அழைத்து வந்த புண்ணியத்தையும் கூடவே சம்பாதித்துக்கொண்டு, அந்த மகான் நான்கு நாட்களாக இலவசமாக மிதந்துகொண்டிருந்தார்.

என் மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு உள்ளே சென்று, தொடாமல் வைத்திருந்த வைன் புட்டியைக் கொண்டுவந்து பவ்யமாக அவரிடம் நீட்டினாள். பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தக்கையைத் திறக்கிற திருகு ஒன்றும் கூடவே கொடுத்திருப்பார்களே அம்மா, அது எங்கே?" என்றார்.