முதலில் வீடு, அப்புறம் அனுமதி

லண்டன் நகர வாசல்களில் எதிலிருந்து அளந்தாலும் மூன்று மைலுக்குள் இனி ஒருவனும் புது வீடு கட்டக்கூடாது என்று முதலாம் எலிசபெத் ராணி ஆணை போட்டது 1580 ஜூலை 7 அன்று. ஆணை பிறந்த இடம்தான் விசேஷம். லண்டனுக்குத் தெற்கே சரே பகுதியிலிருந்த நான்சச் அரண்மனை அது. ராணியின் அப்பா எட்டாம் ஹென்றிக்கு 1538இல் அங்கே ஒரு மாளிகை கட்டும் ஆசை வந்தது. குறுக்கே கடிங்டன் என்று ஒரு கிராமம் இருந்தது. கிராமத்தைத் தேவாலயத்தோடு சேர்த்து இடித்துவிட்டுக் கட்டினார். ஊரையே காலி பண்ணிக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தச்சனையும் தையற்காரனையும் பார்த்து "கட்டாதே" என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். டியூடர் வம்சத்தில் அதற்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. (நூறு வருஷம் கழித்து அந்த அரண்மனை இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி கைக்குப் போனதும், அவர் இடித்துக் கல்லும் மரமுமாக விற்றுக் கடனை அடைத்ததும் கிளைக்கதை.)

ராணி சொன்ன காரணங்களில் பொய் இல்லை. கூட்டம் கூடினால் கொள்ளைநோய் பரவும், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரும், அடக்கி ஆள முடியாது. வீட்டுக்கு ஒரு குடும்பம்தான் என்றும் ஆணையில் இருந்தது. அதாவது ஒட்டுக்குடித்தனம் ராஜத்துரோகம். ஆனால் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த ஜனம் ஆணையைப் படித்துவிட்டா வந்தது? வீட்டுக்காரர்கள் கூடத்தை இரண்டாகத் தடுத்தார்கள். கொல்லையில் விறகுக் கொட்டகைக்குப் புகைபோக்கி முளைத்தது. மேல்மாடி ஒவ்வொன்றும் கீழ்மாடியைவிட ஒரு முழம் தெருப் பக்கம் துருத்திக்கொண்டு போனது. தெருவில் வண்டி போக இடம் விட்டாயிற்று, வானத்தில் ராணிக்கு என்ன வேலை என்பது கட்டினவர்களின் நியாயமாக இருக்கலாம்.

ஆணையில் ஒரு ஓட்டையும் இருந்தது. இப்போது உயிரோடு இருப்பவர்களின் ஞாபகத்தில் எந்த இடத்தில் வீடு இருந்ததில்லையோ, அங்கே கட்டுவதற்குத்தான் தடை. இதை எழுதின குமாஸ்தா வாழ்க்கையில் ஒரு மேஸ்திரியிடமும் பேசியிருக்க மாட்டார். வீடு கட்ட நினைத்தவனுக்கு அன்றைக்குச் செங்கல்லைவிட அவசரமாகத் தேவைப்பட்டது, ஞாபகசக்தி உள்ள ஒரு பெரியவர். விசாரணை எப்படி நடந்திருக்கும் என்று கற்பனை செய்ய ஆசையாக இருக்கிறது.

"பெரியவரே, இந்த இடத்தில் முன்னே வீடு இருந்ததா?"

"இருந்ததுங்க. இவங்க பாட்டன் காலத்து வீடு."

"அஸ்திவாரம் எதையும் காணோமே?"

"அதான் மேலே புது வீடு நிக்குதுங்களே, எப்படித் தெரியும்?"

ராணி விடவில்லை. கிராமப்புறத்தில் குடிசை போடுகிறவன் அதோடு நான்கு ஏக்கர் நிலமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று 1589இல் ஒரு சட்டம் வந்தது. நான்கு ஏக்கர் வைத்திருப்பவன் ஏன் குடிசையில் இருக்கிறான் என்று நாடாளுமன்றத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1593இல் லண்டன் தடையையே சட்டமாக்கினார்கள், வசதி படைத்தவர்கள் குடியிருக்கத்தக்க வீடுகளுக்கு விலக்கு அளித்து. நோய்க்கிருமிக்கு அந்தஸ்து பார்த்து நுழையத் தெரியும் என்று நம்பினார்கள் போலும். 1602இல் மறுபடி ஓர் ஆணை. ஒரே ஆணையை இத்தனை தடவை போடவேண்டி வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. 1600 வாக்கில் லண்டனின் ஜனத்தொகை ஏறக்குறைய 2 லட்சம், 1650 வாக்கில் ஏறக்குறைய 4 லட்சம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் படித்தவர், அந்தப் பெருமை அவருக்கே நிறைய உண்டு. ரோமாபுரியைச் செங்கல்லாகப் பெற்றுச் சலவைக்கல்லாக விட்டுப்போனதாகப் பெயர் வாங்கிய அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குத் தன்னை இணை வைத்து, குச்சியாக இருந்த லண்டனைச் செங்கல்லாக்கப் போவதாக 1615 ஆணையில் எழுதினார். செங்கல்லை நம் பாக்கெட்டிலிருந்து வாங்கச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். கட்டடங்களைக் கண்காணிக்க ஆணையர் குழுவும் வந்தது. அரசரின் தலைமைக் கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ் அதில் ஓர் உறுப்பினர். அந்தக் குழு உட்கார்ந்து யோசித்தபோதுதான் இங்கிலாந்து அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. அனுமதி இல்லாத வீட்டை இடித்தால் கிடைப்பது புழுதி. நிற்கவிட்டு அபராதம் வாங்கினால் கிடைப்பது பணம்.

இந்த ஞானத்தை முழுநேரத் தொழிலாக்கியவர் மகன் முதலாம் சார்லஸ். 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு வருஷம் தனியாக ஆண்டார். நாடாளுமன்றம் இல்லாமல் வரி போட முடியாது. ஆனால் அபராதம் போடலாமே! சட்டவிரோத வீடு அவருக்குப் பால் மாடு. மாடு திருட்டு மாடா என்பது கறக்கிறவன் பார்க்கிற விஷயம் இல்லை. இடையிடையே பயம் காட்ட ஒன்றிரண்டை இடிக்கவும் வேண்டும். செயின்ட் மார்ட்டின்ஸ் பகுதியில் 42 வீடு கட்டிய மூர் என்பவருக்கு 1000 பவுண்டு அபராதமும் இடிக்கச் சொல்லி உத்தரவும் வந்தன. மற்றவர்கள் புரிந்துகொண்டு மரியாதையாகப் பணத்தோடு வந்தார்கள்.

நான்காவது பெட்ஃபோர்டு பிரபு இன்னும் கெட்டிக்காரர். 1631இல் 2000 பவுண்டைக் கஜானாவில் முன்கூட்டியே கட்டிவிட்டு கோவென்ட் கார்டனில் வீடு கட்ட உரிமம் வாங்கினார். வரைபடம் போட்டது யார்? ஆணையர் குழுவில் இருந்த அதே இனிகோ ஜோன்ஸ். பிளான் போடுகிறவரும் அவரே, பிளானைப் பரிசீலிக்கிற குழுவில் இருப்பவரும் அவரே என்றால் கட்சிக்காரருக்கு அலைச்சல் எவ்வளவு மிச்சம்! அங்கே அமைந்த சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு தேவாலயமும் வேண்டியிருந்தது. பிரபுவோ காசில் கெட்டி. களஞ்சியக் கொட்டகைக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றாராம். அப்படியானால் இங்கிலாந்திலேயே அழகான கொட்டகையாகக் கட்டித்தருகிறேன் என்று ஜோன்ஸ் சொன்னதாகக் கதை. 5000 பவுண்டுக்குள் வேலை முடிந்தது. இந்தக் கொட்டகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1641இல் நாடாளுமன்றம் சார்லஸ்மீது ஒரு பெரிய குற்றப்பட்டியல் நீட்டியது. கட்டடங்களை இடைஞ்சல் என்று பொய்யாகச் சொல்லி அரசர் காசு பார்க்கிறார் என்பதும் அதில் ஒரு குற்றம். பிறகு உள்நாட்டுப் போர், தோல்வி, விசாரணை. 1649 ஜனவரி 30 அன்று அரசரின் தலையை வெட்டினார்கள். மேடை போட்டது இனிகோ ஜோன்ஸ் கட்டிய விருந்து மண்டபத்தின் வாசலில். அந்த மனிதரின் கட்டடம் இல்லாமல் அந்தக் காலத்தில் எதுவும் நடக்காது.

சரி, கொடுங்கோலன் போனான், வீட்டுக்காரனுக்கு விடிவு என்று நினைக்கிறீர்கள். அரசரின் இடத்துக்கு வந்த குரோம்வெல் ஆட்சிக்கு ஸ்பெயினோடு சண்டை, சண்டைக்குச் செலவு. 1657இல் அதே நாடாளுமன்ற வழிவந்தவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். லண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள், 1620 மார்ச் 25க்குப் பிறகு, நான்கு ஏக்கர் நிலம் இல்லாமல் கட்டப்பட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷ வாடகையைக் கட்டவேண்டும். ராணி கிராமத்துக் குடிசைக்குக் கேட்ட நான்கு ஏக்கரைப் பட்டணத்தின் சந்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்கு 37 வருஷம் பின்னோக்கிப் போகிறது. அப்பா கட்டிய சாய்ப்புக்கு மகன் காசு கொடுக்கவேண்டும். அரசாட்சி மூன்று மைல் கேட்டது என்றுதான் முன்னே கூச்சல். குடியரசு பத்து மைல் கேட்டது. இனிமேல் கட்டினால் வீட்டுக்கு 100 பவுண்டு, அப்புறம் மாதாமாதம் 20 பவுண்டு.

பெட்ஃபோர்டு குடும்பத்துக்கு மட்டும் அபராதத்தில் 7000 பவுண்டு தள்ளுபடி என்று சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தது. காரணம், தேவாலயம் கட்டிய புண்ணியம். ஆமாம், அதே கொட்டகை. போட்ட காசைவிட அதிகமாகத் தள்ளுபடி வாங்கித்தந்த கோயில் திருப்பணி உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

1660இல் அரசாட்சி திரும்பியது, குரோம்வெல் காலச் சட்டங்கள் குப்பைக்குப் போயின. 1666இல் பெரிய தீ வந்து, அனுமதி உள்ளது, இல்லாதது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சரிசெய்தது. அடுத்த வருஷம் செங்கல், கருங்கல் தவிர வேறெதிலும் சுவர் எழுப்பக்கூடாது என்று சட்டம் வந்தது. அதை மட்டும் ஜனங்கள் ஓரளவு கேட்டார்கள். சூடுபட்டவர்கள்.

நடுவில் முந்நூறு வருஷத்தைத் தாண்டிவிடலாம். 1947இல் நகரத் திட்டமிடல் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் அனுமதி அலுவலகமும் வந்தது. கட்டிவிட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. கட்டி முடித்து நான்கு வருஷம் யாரும் கேட்கவில்லையென்றால் நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் ஒரு விதி இருந்தது. சரேயில் ஒரு விவசாயி இந்த விதியைப் பக்தியோடு படித்தார். தன் பண்ணையில் கோபுரமெல்லாம் வைத்து டியூடர் பாணியில் ஒரு கோட்டை கட்டினார். சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குடும்பத்தோடு நான்கு வருஷம் குடியிருந்தார். 2006இல் வைக்கோலைப் பிரித்து "கட்டி நாலு வருஷம் ஆச்சு" என்றார். வைக்கோலை எடுத்ததும் கட்டுமான வேலையில் சேர்ந்ததுதான், ஆகவே வீடு இன்றைக்குத்தான் முடிந்தது என்று அதிகாரிகள் சொல்ல, நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. பத்து வருஷம் வழக்காடி, 2016இல் கோட்டையை அவரே இடித்தார். எலிசபெத் ராணியின் குமாஸ்தாவுக்கு இவ்வளவு மூளை இருந்திருந்தால் லண்டன் இன்னும் ஒரு சுவருக்குள்ளேயே இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்கட்டில் ஒரு சமையலறை ஒட்டிக்கொண்டிருந்தால், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதற்கு அனுமதியோ சட்டப்படியான கட்டடம் என்ற சான்றிதழோ இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஏப்ரல் 25க்கு முன் பெரும்பாலும் கட்டி முடித்ததாக இருந்தால் பழைய நான்கு வருஷக் கணக்கு செல்லும். அதற்குப் பிறகு என்றால் பத்து வருஷம். கொத்தனார் கொடுத்த ரசீதும் தேதி போட்ட போட்டோவும் விற்கிறவர் கையில் இருந்தால், வீட்டுச் சாவிக்கு முன் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.