பிரேக் மிதிக்கும் உத்தியோகம்

50 வயது நிறைந்த வண்டிக்குத்தான் விண்டேஜ் பட்டம் என்று 2021-இல் மத்திய அரசு விதி போட்டது. என் மெட்டடார் வேனுக்கு இன்னும் அந்த வயதாகவில்லை. எனக்கு எப்போதோ ஆகிவிட்டது. ஆனாலும் வருகிறவர்களிடமெல்லாம் ‘விண்டேஜ் வேன்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் அதற்குப் பெயர் காயலான் கடை.

அதன் பிரேக் பெடல் தொளதொளவென்று தரை வரை போக ஆரம்பித்தது. “ஓடினாத்தானேங்க நிறுத்தணும்?” என்றாள் மனைவி. பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் வரலாறு சொல்வது வழக்கம். ஹைட்ராலிக் பிரேக்கை உருவாக்கிய மால்கம் லாஹெட், பிற்பாடு லாக்ஹீட் என்று விமானத்தில் பெயர் எடுத்த அதே குடும்பம், 1921-இல் டூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும்... குக்கர் விசில் அடிக்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்பில் குக்கரே இல்லை.

மெக்கானிக் வந்தார். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும், ஆகவே லைனில் காற்று என்று அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏர் எடுக்கணும். நீங்க ஏறி மிதிங்க சார்” என்றார். படித்தவனுக்கு வண்டிக்கு அடியில் வேலை இல்லை.

பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் பின்சக்கரத்தில் ஆரம்பம். “மிதிங்க, மிதிங்க, அமுக்கிப் பிடிங்க.” பிடித்ததும் அவர் சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறப்பார், குமிழி குமிழியாக ஆயில் பாட்டிலில் இறங்கும். மூடும்முன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். எனக்கோ கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மரியாதை தேய்ந்து, “மிதி! பிடி! விடாதே!” என்றாகிவிட்டது. மேலே ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றுகிற பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு மட்டும் கடைசிவரை ‘அம்மா’தான்.

முன்னால் இடது சக்கரம், நான் காலை எடுத்த பிறகும் இறுகியே நின்றது. நிப்பிளைத் தளர்த்தினதும் ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் சுற்றியது. ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடவில்லையாம். வெளியே பளபளப்பு, உள்ளே அடைப்பு. என் இதய டாக்டரும் இதையேதான் சொன்னார். புது ஹோஸ் போட்டோம். மறுபடி எனக்கு மிதிக்கும் உத்தியோகம்.

குமிழி நின்றது. பெடல் கல்லாக நின்றது. வெற்றி என்று கையைத் தூக்கினேன். மிதித்த காலை அப்படியே வைத்திருந்தால், பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. சக்கரத்தில் கசிவில்லை, பைப்பில் ஈரமில்லை. வெப்பம், அழுத்தம், பாஸ்கல் விதி என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்க, மனைவி ஆயில் டப்பாவை மூடிக்கொண்டே, “வெளியே சொட்டலைன்னா உள்ளேயேதானே எங்கயோ போகுது?” என்றாள்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். “அம்மா சொன்னதுதான் சார். மாஸ்டர் சிலிண்டர் கப் வாஷர் தேஞ்சுபோச்சு. அழுத்தத்தைப் பிடிச்சு வைக்காம ஆயில் ஓரமா நழுவுது.”

இப்போது மாஸ்டர் சிலிண்டர் திண்ணையில் கிடக்கிறது, வண்டி வாசலில். எந்த ஊர்க் கடையிலாவது பழைய மெட்டடாருக்கான மாஸ்டர் சிலிண்டர் கிட் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள். என் மனைவியிடமே சொல்லலாம். மெக்கானிக் இப்போதெல்லாம் அவளிடம்தான் பேசுகிறார்.