மொட்டைமாடியில் ராகு: கிரகணப் படமெடுத்தல் குறித்து ஒரு முன்னாய்வு

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிவாக்கில் கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானத்தில் சூரியன் மோதிரமாகி நின்றது. நிலா அதற்குள் புகுந்தும் முழுசாக மூட முடியாமல், சுற்றிலும் ஒரு விளிம்பை விட்டுவைத்தது. சுமார் மூன்று நிமிடக் கூத்து. அதே மூன்று நிமிடத்தில் அந்த வட்டாரத்து மொட்டைமாடிகளில் எண்ணற்ற கைப்பேசிகள் அண்ணாந்து நின்றன. மோதிரத்தைப் பற்றி வானியலார் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். கைப்பேசிகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

முதலில் கலைச்சொல் விளக்கம். ‘கிரகணப் படம்’ என்பது கிரகணத்தன்று எடுக்கப்பட்டு, கிரகணம் தெரியாத படம். இந்த வரையறையைச் சிலர் கடுமை என்பர். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தின் தெரு வாட்ஸாப் குழுவை அன்று மாலை பார்வையிட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். பந்தல் பல்பு, ஆம்லெட், பாராசிட்டமால் மாத்திரை ஆகிய மூன்று வடிவங்களில் சூரியன் அதில் வரிசையாகக் கிடந்தது. மோதிரம் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகை. வில்லையின் குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் உள்ளே விழும் சூரியப் படத்தின் அளவு கிடைத்துவிடும். கைப்பேசி வில்லையின் உண்மையான குவியத் தூரம் நாலு மில்லிமீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 0.04 மில்லிமீட்டர், அதாவது முப்பது பிக்சலுக்குள் சூரிய பகவான் மொத்தமும் அடக்கம். அன்றைக்கு மோதிரத்தின் தடிமன் சூரிய அகலத்தில் நூற்றுக்கு ஒன்றரைதான். கைப்பேசியில் அது அரைப் பிக்சலைக்கூட எட்டாது. ஆக, மாடியில் நின்றவர்கள் பிடிக்கப் போனது ஒரு பிக்சலின் பாதியை. அதுவும் கண்கூசும் வெளிச்சத்தில் பொங்கி வழிந்து மாத்திரையாகிவிட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சூரியனை எடுத்த படத்தில் எங்கோ ஓரமாக, யாரும் கூப்பிடாமல், பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சின்னப் புள்ளி விழும். வில்லைக்குள் ஒளி முட்டித் திரும்பியதன் எச்சம் அது. பெரிய சூரியன் ஆம்லெட்டாகக் கிடக்க, இந்தக் குட்டிப் புள்ளியில்தான் பிறையோ வளையமோ கச்சிதமாகப் பதிந்திருக்கும். படமெடுத்தவர்களோ ‘ஏதோ அழுக்கு’ என்று அதை வெட்டியெறிந்துவிட்டுத்தான் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

தாத்தாவின் நெஞ்சு எக்ஸ்ரே வழியாகப் பார்த்தவர்களை இந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. விலா எலும்புக்கு நடுவே சூரியன் அழகாகத்தான் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அந்தப் படலத்தைத் தாண்டி வந்து விழித்திரையைச் சுட்டுவிடும். சுடும்போது வலிக்காது என்பதுதான் வம்பே.

களப்பணியில் மெய்யாகவே வேலை செய்த ஒரே கருவி பூந்திக் கரண்டி. கிழக்கு வெயில் படும் சுண்ணாம்புச் சுவர், அதற்கு ஏழெட்டு அடி முன்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்த ஒரு பையன், அவ்வளவுதான் ஆய்வகம். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஊசித்துளைக் கேமராவாகிச் சுவரில் ஒரு சூரியனை இறக்கியது. எட்டரைக்கெல்லாம் கடித்த அப்பளங்கள். ஒன்பதரைக்கு, மேகம் விலகிய ஒரு இடைவெளியில், சுவர் முழுக்க வளையல் கடை. பக்கத்து வேப்பமரமும் இலை இடுக்குகளால் அதே வேலையைத் தரையில் செய்துகொண்டிருந்தது. கூட்டம் அண்ணாந்திருந்ததால் அதை மிதித்துக்கொண்டு நின்றது.

வரலாற்றைப் பார்த்தால் கைப்பேசிக்காரர்கள்மேல் இரக்கம் வருகிறது. முழுச் சூரிய கிரகணத்தின் முதல் நல்ல படம் 1851 ஜூலை 28-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் எடுக்கப்பட்டது. பெர்கோவ்ஸ்கி என்ற படக்கலைஞர், சிறு தொலைநோக்கி, வெள்ளி பூசிய செப்புத் தகடு, 84 விநாடி ஒளிபாய்ச்சல். அத்தனை விநாடி கை ஆடாமல் நிற்க நம் ஆட்களால் ஆகுமா? 1871 டிசம்பர் 12 முழுக் கிரகணத்துக்குச் சென்னை வானாய்வகத்து போக்சனும் உதவியாளர் ரகுநாதாச்சாரியும் அவிநாசிக்குப் போனார்கள்; நீலகிரியின் தொட்டபெட்டா மேல் டெனன்ட் என்பவரின் குழு படமெடுத்தது. 148 வருஷம் கழித்து மோதிர நிழலும் நீலகிரி, அவிநாசி வழியாகவே போனது. அந்த ஊருக்கும் நிலாவுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

இனி மேகம். கிரகண இயலில் மேகத்துக்குத் தனி அதிகாரமே ஒதுக்கலாம். 2019-ல் டெல்லியில் பிரதமர் நரேந்திர மோடி கறுப்புக் கண்ணாடியோடு அண்ணாந்து பார்த்தார், மேகம். கடைசியில் கோழிக்கோட்டு நேரலையில் பார்த்துக்கொண்டதாக அவரே ட்விட்டரில் எழுதினார். அந்தப் படம் மீமாகிறது என்று ஒருவர் சொல்ல, தாராளமாகச் செய்யுங்கள் என்று பதிலும் போட்டார். அன்றைய தினத்தின் புகழ்பெற்ற கிரகணப் படம் அதுதான். அதிலும் கிரகணம் இல்லை. நம் வரையறை எவ்வளவு உறுதியானது என்பதைக் கவனிக்க.

இந்தத் துறையின் ஆதி தியாகி பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டீல். அவர் தேடி வந்தது கிரகணத்தை அல்ல, சூரியன்மேல் வெள்ளி ஊர்ந்து கடப்பதை. நட்சத்திரம் வேறானாலும் ராசி ஒன்றுதான். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கடலிலேயே தவறவிட்டார். அடுத்தது எட்டு வருஷம் கழித்துத்தான் என்று இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். முந்தைய நாட்களெல்லாம் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அன்று விடியற்காலை மட்டும் மேகம். ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே புதுச்சேரி வட்டாரத்தில் 1825-ல் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், வானத்தைப் பார்க்காமலே, தரையில் சோழிகளை நகர்த்தி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பவர் அதை எழுதி வைத்தார். கிரகணத் தொடக்கத்தில் நாலு நிமிடப் பிழை. நடுவில் 23, முடிவில் 52 என்று அது வளர்ந்தது உண்மைதான். ஆனாலும் சோழிக்கு மேகத் தொல்லை இல்லை.

2019 கிரகணத்துக்கு மறுநாள் பத்திரிகைப் படங்களில் புதிதாக ஒன்றும் இல்லை. வரிசையாகக் கண்ணாடி போட்ட பள்ளிப் பிள்ளைகள், சாத்திய கோயில் கதவு, கிரகண நேரத்தில் வேண்டுமென்றே இட்லி சாப்பிடும் பகுத்தறிவாளர்கள். மூன்றும் ஒவ்வொரு கிரகணத்துக்கும் தவறாமல் வரும், பஞ்சாங்கத்தைவிடக் கறாரானவை. கிரகணமே இல்லாத கிரகணச் செய்தியும் உண்டு. 2025 ஆகஸ்ட் 2-ல் உலகம் ஆறு நிமிடம் இருளும் என்று வாட்ஸாப் அலறியது. அந்த நீண்ட கிரகணம் 2027 ஆகஸ்ட் 2-ல். அப்போதும் உலகம் இருளாது; எகிப்து வழியாகப் போகும் ஒரு குறுகிய பாதையில் உள்ள ஊர்கள்தான் இருளும்.

கடைசியாக உலக்கை. கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்பதும் அன்று வீட்டுக்கு வீடு படமெடுத்து அனுப்பப்பட்டது. ஆய்வு நெறிப்படி ஒப்பீட்டுச் சோதனை தேவைப்பட்டதால், கிரகணம் ஏதுமற்ற ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அதே தாம்பாளத்தில் அதே உலக்கை நிறுத்தப்பட்டது. அடியில் தட்டையான இரும்புப் பூண். நின்றது. ஆய்வாளர் வெற்றியோடு திரும்பிப் பார்க்க, திண்ணையிலிருந்த அப்பாயி வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “அன்னிக்கி நின்னு பழகிருச்சுடா தம்பி.”

இந்த மறுப்புக்கு ஆய்வாளரிடம் இதுவரை விடையில்லை. தமிழ்நாட்டுக்கு அடுத்த மோதிரம் 2031 மே 21 நடுப்பகலில் மதுரைப் பக்கம் வருகிறது. அக்னி நட்சத்திரக் காலம். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் இருக்கும் என்பதால் பூந்திக் கரண்டிக்குச் சுவர்கூட வேண்டியதில்லை, மாடித் தளமே போதும். கரண்டி கைவசம் இருக்கிறது. உலக்கையைத் தர அப்பாயி மறுத்துவிட்டார்.