தூறல் தலைவர்

ஊர் சுற்றி நடக்கும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். கழுத்தில் விசில், இரண்டு கையிலும் ஊன்றுகோல், முதுகில் அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் பை. யாரும் இவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததில்லை. வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவர் என்ற ஒரே தகுதியில் அந்தப் பதவிக்கு வந்தவர். இவருக்கென்று ஒரு கொள்கை உண்டு: தான் வெளியில் நிற்கிறவரை, பெய்வது மழை இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து மேலேறி வெள்ளிமலையில் இறங்கினோம். வானம் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடிப்பக்கம்போல இருந்தது. ஊருக்கு ஊர் போகும் பாதையில் 24 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, சாயங்காலம் வெள்ளிமலை டீக்கடைக்குத் திரும்புவது திட்டம்.

“மழை வரும்போல இருக்கே சார்?”

“அது மழை இல்ல. மேகம்.”

முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. “மரத்துல தங்குன பனி சொட்டுது” என்றார். நாங்கள் நின்றது மரவள்ளிக் காடு. அண்ணாந்து பார்க்கும்படி அங்கே ஒரு மரமும் இல்லை.

பனி தூறலாயிற்று. தூறல் சாரலாயிற்று. சட்டை உடம்போடு ஒட்டியபோது மேற்கே ஊன்றுகோலை நீட்டினார். “அதோ தெரியுது பாருங்க, அது சேலம் மாவட்டத்து மழை. நாம இருக்கிறது கள்ளக்குறிச்சி.” மலை இரண்டு மாவட்டத்திலும் பரந்து கிடப்பது உண்மைதான். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் உண்மைதான். மேகத்துக்குத்தான் அந்த அரசாணை நகல் போய்ச் சேரவில்லை.

தலைவருக்கு மூச்சு வாங்குகிற இடமெல்லாம் வரலாற்றுச் சிறப்புமிக்க இடம். முதல் ஏற்றத்தில் நின்று, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று மலை இரண்டு பிரிவு என்றார். இரண்டாம் ஏற்றத்தில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகியோரின் மானிய நிலங்களான ஜாகிர்கள் வந்தன. மூன்றாவது ஏற்றம் செங்குத்து. அதனால் 1976-இல் அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்ட கதை கால் மணி நேரம் நீண்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த வரலாற்று அறிவு முழுவதும் அவருடைய நுரையீரல் போட்ட பிச்சை.

யாராவது முணுமுணுத்தால் இங்கிலாந்து வரும். “அங்கே பென்னைன் வே-ன்னு ஒரு பாதை. 1965-ல திறந்தாங்க. சுமார் 430 கிலோமீட்டர். மழையில நடக்கத்தான் ஜனங்க போறாங்க.” இதைச் சொல்லும்போது அவருடைய எட்டாயிரம் ரூபாய் மழைக்கோட்டின் கழுத்து வழியாக உள்ளே போன தண்ணீர், வெளியேற வழியில்லாமல் இடுப்பில் தேங்கி, நடைக்கு நடை சலக் சலக்கென்றது. கோட்டில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தது பொய்யில்லை. புகுந்த தண்ணீர் வெளியேறாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

எதிரே ஓர் அம்மாள் நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் யூரியா சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“பஸ்ஸ விட்டுட்டீங்களா சாமி?”

“இல்லம்மா, சும்மா நடக்கிறோம்.”

“சும்மாவா?” எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் தலைவரைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “அடுத்த ஊரு கூப்பிடு தூரந்தான், போங்க” என்றார் பரிவாக. ஒன்றேகால் மணி நேரம் நடந்தோம். அந்த அம்மாளின் குரலுக்கு அது சரியான கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

வழியில் ஓர் ஓடை. காலையில் செருப்பு நனையாமல் தாண்டியிருக்கலாம். இப்போது செம்மண் கரைத்த தண்ணீர் உருண்டு வந்தது. கரையில் பாறைக்கு அடியில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். “மேல பேஞ்சது வருது. வடியட்டும்” என்றார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“வடியற வரைக்கும்.”

தலைவர் இந்தப் பதிலை ஏற்கவில்லை. ஆழம் பார்க்க ஓர் ஊன்றுகோலை விட்டார். கோல் போயிற்று, திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவரும் வந்து குந்தினார். மலை ஓடை வேகமாக ஏறினாலும் சீக்கிரமே இறங்கும் என்பதைப் பெரியவர் அறிவார். ஒன்றரை மணி நேரத்தில் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், போனார். அவர் கால் வைத்த இடத்தில் நாங்களும் வைத்துப் போனோம். முன்னால் நடந்தவர் தலைவர் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருட்டும்போது வெள்ளிமலை டீக்கடை. தகரக் கூரை, சூடான டீ, பஜ்ஜி. தலைவர் கோட்டைக் கழற்றினார். இரண்டு படி தண்ணீர் கொட்டியது. கூரைக்குள் வந்ததுதான் தாமதம், அவருடைய மழை வளரத் தொடங்கியது. முதல் டீயில் “நல்ல மழை.” இரண்டாவது டீயில் “பேய் மழை.” கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் “மேகவெடிப்புங்க” என்றார்.

வானிலைத் துறை கணக்குப்படி ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. மேகவெடிப்பு என்றால் ஒரே மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்ட வேண்டும். தலைவரின் மழைமானியில் அளவே வேறு. வெளியில் நின்றால் முள் பூஜ்யத்தில் இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் ஏறும். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் நிற்கவே நிற்காது. மழையில் நனைவது ஒரு சுகம் என்றால், நனைந்ததைக் காய்ந்த சட்டையோடு சொல்வது அதைவிடப் பெரிய சுகம். இதைக் கண்டுபிடித்தவர் என்பதற்காகவாவது அவரை நாம் தலைவர் என்று அழைக்கலாம்.

நேற்று குழுவில் செய்தி போட்டிருக்கிறார்: “கார்த்திகை முதல் ஞாயிறு மறுபடியும் கல்வராயன். மழைக்கு வாய்ப்பே இல்லை.” நான் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, உரக்கடைக்குப் போய் யூரியா சாக்கு ஒன்று வாங்கிவந்தேன்.